வேண்டாம் என்று எழுதிய கடை

எங்கள் கடையின் முன்தூணில் ஒரு சிலேட்டு தொங்குகிறது. பிள்ளைகள் பையில் போட்டுக்கொண்டு போகிற சின்னச் சிலேட்டு அல்ல. வாத்தியார் மேசைமேல் சாய்த்து வைக்கிற பெரிய சிலேட்டு. கீழ் மூலை ஒன்று உடைந்திருக்கும். மேல் சட்டத்தில் துளையிட்டுச் சணல் கயிறு கோத்திருக்கிறோம், இரண்டு பக்கமும் திருப்பிக்கொள்ள வசதியாக. ஒரு பக்கத்தில் பலப்பத்தால் எழுதுவோம். புதுப் புத்தகம் வரும்போதெல்லாம் கோவைக் கொடியின் இலையைக் கசக்கித் துடைத்துவிட்டு வேறு எழுதுவோம். மறுபக்கத்தில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: வேண்டாம். அதைத் துடைக்க முடியாது. சாக்குத் தைக்கிற கோணி ஊசியால் கீறிய எழுத்து அது. கீறியது என் கை. கீறச் சொன்னது என் நங்கையா.

நாமக்கல் கடைவீதியில் புத்தகக் கடை வைத்துக்கொண்டு, விற்க வந்த புத்தகத்தையே வேண்டாம் என்று வாசலில் எழுதித் தொங்கவிட்டவர்கள் நாங்கள். அதற்காக எங்களைப் பைத்தியம் என்றவர்கள் உண்டு. திமிர் என்றவர்களும் உண்டு. திமிர் என்பதை நான் மறுக்கப் போவதில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் நின்று பேச வராது. கடைக்கு வருகிறவர்களிடம் விலை சொல்வதற்கே திணறுவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பும் நின்றுவிட்டது. கையெழுத்து மட்டும் நன்றாக வரும். அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு நங்கையா என்ன செய்தாள் என்பதைத் தப்பும் தவறுமாகச் சொல்லித் திரிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கையா என்று கூப்பிடுவோம். அவளுக்கும் எனக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். புதுச்சத்திரம் பக்கத்தில் மானாவாரிக் காடு வைத்திருந்த குடும்பம் அவளுடையது. கல்யாணம் ஆகும்வரை ஆடு மேய்த்தவள், பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எனக்குக் கல்யாணமாகிப் போன இடம் சரிப்படவில்லை. ஏன் என்று இங்கே எழுதும் உத்தேசம் இல்லை. அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். வந்த அன்று அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். நங்கையாதான் வாசலுக்கு வந்து என் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டு, "கால் கழுவிட்டு வா அம்மிணி, சோறு ஆறிப்போவுது" என்றாள். நான் தினமும் அந்த வீட்டில் இருந்துகொண்டிருந்ததைப் போலத்தான் சொன்னாள். அதற்கு மேல் அவள் என்னை எதுவும் கேட்டதில்லை.

அண்ணன் கடையில் சிலேட்டு, பலப்பம், மைப்பொடி, பேனா முள், பஞ்சாங்கம், பாடப் புத்தகம் எல்லாம் இருக்கும். சேலத்துக்கு ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஏறி வரும் சரக்கு. ஒரு தடவை சென்னைப் பட்டணத்து வியாபாரி ஒருவர் மாதிரிக்கென்று சில படப் புத்தகங்களைச் சேர்த்துக் கட்டி அனுப்பியிருந்தார். குழந்தைகள் பார்ப்பதற்காகவே போட்ட புத்தகம், பாதிக்கு மேல் படம். இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று அண்ணன் மேல்தட்டில் தூக்கி வைத்துவிட்டார். நங்கையா அதை எடுத்துக் கீழே வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். யானைப் படத்துக்குக் கீழே இருப்பது யானை என்ற எழுத்தாகத்தானே இருக்க வேண்டும். அப்படிப் பிடித்துப் பிடித்து அவளே படிக்கக் கற்றுக்கொண்டாள். சந்தேகம் வந்தால் என்னைக் கேட்பாள். மழைக்காலம் முடிவதற்குள் புத்தகம் முழுவதையும் வாசித்தாள். எழுத மட்டும் அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. "கோல் புடிச்ச கை அம்மிணி. குச்சி புடிக்க மாட்டேங்குது" என்பாள். வருத்தமாக அல்ல, வெயில் அடிக்கிறது என்பதைப் போல.

எருமை வெண்ணெய் விற்ற காசு அவளுடையது என்று வீட்டில் ஒரு ஏற்பாடு இருந்தது. அந்தக் காசில் படப் புத்தகம் வரவழைக்கச் சொன்னாள். அண்ணன் சிரித்தார், ஆனாலும் வரவழைத்தார். வந்த புத்தகத்தை அவள் சோதித்த விதத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அவள் தகப்பனாருக்கு மாடு பார்க்கத் தெரியும். சந்தையில் காளையின் வாயைப் பிளந்து பல் பார்ப்பார், குளம்பைத் தட்டிப் பார்ப்பார், உடம்பில் சுழி பார்ப்பார், எல்லாம் ஆன பிறகு கயிற்றை விட்டு நடக்க வைத்துப் பார்ப்பார். சின்ன வயதில் பக்கத்தில் நின்று அதையெல்லாம் பார்த்தவள் நங்கையா. புத்தகத்தையும் அப்படியே பார்த்தாள். நடுத்தாளை இரண்டு பக்கமும் இழுத்துத் தையல் தாங்குகிறதா என்று பார்ப்பாள். கட்டை விரலை நாக்கில் தொட்டுச் சிவப்பு மைமேல் தேய்த்து, ஒட்டுகிறதா என்று பார்ப்பாள். படத்தில் இருக்கிற மனிதர்களின் கண் எங்கே பார்க்கிறது என்று பார்ப்பாள். கடைசியில் நடை. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தை ஒன்றின் முன்னால் சாக்கை விரித்துப் புத்தகத்தைப் போட்டுவிட்டு, அந்தப் பக்கமே திரும்பாமல் வேறு வேலை செய்துகொண்டிருப்பாள். பார் என்று சொல்லக் கூடாது, காட்டவும் கூடாது. குழந்தை தானாகவே தாளைப் புரட்டினால், "நடக்குது அம்மிணி, நல்லா நடக்குது" என்று என் காதோரம் வந்து சொல்லுவாள். ஒரு தாளைப் பார்த்துவிட்டு எழுந்து ஓடிவிட்டால் அந்தப் புத்தகம் படுத்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தச் சமயத்தில்தான் பார்சலில் இந்தப் பெரிய சிலேட்டு மூலை உடைந்து வந்தது. தூக்கிப் போடப் போன அண்ணனிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். "நாம பாத்ததை நாலு பேருக்குச் சொல்லோணுமல்ல. நான் சொல்றேன், நீ எழுது" என்றாள். முதலில் எழுதியது ஒரு பூனைக்குட்டிப் புத்தகத்தைப் பற்றி. பூனைக்கு மீசை நன்றாக இருக்கிறது, எழுத்துப் பெரிது, நடுத்தையல் மட்டும் லேசு, வாங்கிப் போனதும் வீட்டில் ஒரு தையல் போட்டுக்கொள்ளவும், வாங்கலாம் என்று எழுதினேன். அடுத்து ஒரு ரயில் புத்தகம். படம் அழகு, சிவப்பு மை கையில் ஒட்டுகிறது, வாயில் வைக்கிற வயதுக் குழந்தைக்கு வேண்டாம், பெரிய பிள்ளைக்கு வாங்கலாம் என்று எழுதினேன். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆரு இவ, அவ சரக்கையே அவ குத்தம் சொல்றா?" என்றார். நங்கையா விடவில்லை. "குத்தம் இருந்தாச் சொல்லித்தானுங்க விக்கோணும். நாளைக்கு அந்தக் கொழந்த வாயெல்லாஞ் செவப்பா வந்து நின்னா ஆருக்குங்க கேவலம்?"

ஆனால் சிலேட்டு முன்னால் கூட்டம் நின்றது. படிக்கத் தெரிந்தவர் படிப்பார், தெரியாதவர் பக்கத்தில் நின்று கேட்பார். மையைப் பற்றியும் தையலைப் பற்றியும் தைரியமாகச் சொல்கிற கடை, வாங்கலாம் என்று சொன்னால் நம்பி வாங்கலாம் என்று ஜனங்களுக்குத் தோன்றிவிட்டது. கடைவீதிக்கு உப்பு, புளி வாங்க வந்தவர்கள் குழந்தைக்கு ஒரு படப் புத்தகம் வாங்கிப் போனார்கள். மேல்தட்டில் கிடந்த சரக்கு முன்வரிசைக்கு வந்தது. அதைப் பார்த்து அண்ணனும் வாயை மூடிக்கொண்டார்.

இனி மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உதவி பெறும் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவரை மேனேஜர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். எங்கள் ஊரில் பெரிய பள்ளிக்கூடம் அவருடையது. அந்தப் பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகம் முழுவதும் எங்கள் கடையிலிருந்துதான் போகும். கடை நிமிர்ந்து நின்றதே அதனால்தான். அவர் கெட்டவர் அல்ல. பள்ளிச் சம்பளம் கட்ட முடியாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவர். ஊர்ப் பிள்ளைகள் உருப்பட வேண்டும் என்று தாமே பாட்டு எழுதி, சென்னையில் ஆள் வைத்துப் படம் போட்டு, சொந்தச் செலவில் ஒரு படப் புத்தகம் அச்சடித்தார். அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து எங்கள் கடையில் இறக்கினார். பள்ளிக்கூடத்தில் பரிசாகவும் கொடுக்கப் போகிறேன், கடையிலும் விற்க வேண்டும் என்றார்.

அவ்வளவு நேர்த்தியான புத்தகம் அதுவரை எங்கள் கடைக்கு வந்ததில்லை. நங்கையா இழுத்துப் பார்த்தாள், தையல் அசையவில்லை. எச்சில் விரலால் தேய்த்தாள், மை ஒட்டவில்லை. "பல்லுஞ் சுத்தம், கொளம்புஞ் சுத்தம்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். வாங்கலாம் என்று எழுத நான் பலப்பத்தைக் கூட எடுத்து வைத்துவிட்டேன். நடை ஒன்றுதான் பாக்கி.

பக்கத்து மண்டியில் நிலக்கடலை உரிக்க வருகிற பெண் ஒருத்தி தன் சின்ன மகளை எங்கள் கடை ஓரமாக விட்டுவிட்டுப் போவாள். அன்று அந்தக் குழந்தையின் முன்னால் சாக்கை விரித்துப் புத்தகத்தைப் போட்டோம். குழந்தை தாளைப் புரட்டியது, மறுபடியும் புரட்டியது. நங்கையா எனக்குக் கண்ணைக் காட்டினாள். அப்போது குழந்தை சத்தமாகச் சிரித்தது. ஒரு படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "அத்தே, எங்கண்ணன். இங்க பாருங்க, எங்கண்ணன் புஸ்தகத்துல வந்திருக்கறான்" என்றது. எட்டிப் பார்த்தேன். இடது பக்கத்தில் கோட்டும் குல்லாயும் போட்ட பையன் கையில் புத்தகத்தோடு நிற்கிறான். வலது பக்கத்தில் கோமணம் கட்டிய கறுத்த பையன், தோளில் கோல், பின்னால் நாலு ஆடு. அந்தக் குழந்தையின் அண்ணன் ஆடு மேய்க்கிறவன். கோலை அப்படித்தான் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் கடை வழியாக ஓட்டிப் போவான். ஏதோ அவனையே பார்த்து வரைந்ததைப் போல இருந்தது படம்.

"என்ன எழுதியிருக்குதுங்க? படிங்க, படிங்க" என்றது குழந்தை. நான் பாட்டைப் பார்த்தேன். இடது பக்கத்துப் பையன் நல்ல பிள்ளை. வலது பக்கத்துப் பையன் கெட்ட பிள்ளை, அழுக்குப் பிள்ளை, அவனோடு சேரக் கூடாது. அதுதான் பாட்டு. குழந்தை விரலை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நங்கையா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பிறகு குழந்தையின் தலையில் கை வைத்து, "உங்கண்ணன் ஆட்டையெல்லாம் பத்தரமா ஊட்டுக்கு ஓட்டியாரான்னு எழுதியிருக்குது, சாமி" என்றாள். குழந்தை மண்டிப் பக்கம் ஓடியது, அம்மாவிடம் சொல்வதற்கு. நங்கையா புத்தகத்தை மூடினாள். மற்ற தாள்களிலும் இடது பக்கத்தில் இருப்பவர்கள் கோட்டுப் போட்டவர்கள், வலது பக்கத்தில் இருப்பவர்கள் களை எடுக்கிறவர்கள், சாணி பொறுக்குகிறவர்கள். "பலப்பம் எடு அம்மிணி" என்றாள்.

மேனேஜர் ஐயாவின் படப் புத்தகம் வந்திருக்கிறது, தாள் நல்லது, மை ஒட்டாது, தையல் உறுதி என்று முதலில் சொன்னாள். நல்லதை விட்டுவிடக் கூடாது என்பது அவள் வழக்கம். பிறகு, உள்ளே ஆடு மேய்க்கிற பிள்ளை கெட்ட பிள்ளை என்று இருக்கிறது, ஆடு மேய்க்கிற பிள்ளைகளும் இந்தக் கடைக்கு வருகிறார்கள், ஆகவே வேண்டாம் என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். தொங்கவிட்டாள். அன்று சாயங்காலமே மேனேஜரின் வில்வண்டி வாசலில் நின்றது.

வண்டியில் இருந்தபடியே படித்துவிட்டுத்தான் இறங்கினார். நங்கையாவையோ என்னையோ பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் பெண்களிடம் நேராகப் பேச மாட்டார்கள். அண்ணனைப் பார்த்து, "என்னப்பா இது? நான் போட்ட பொஸ்தகத்த உங்கடையில வெச்சுக்கிட்டே வேண்டாமுன்னு எழுதியிருக்குது?" என்றார். அண்ணன் கையைப் பிசைந்தார். "பொம்பளைங்க வெளையாட்டுக்குப் பண்ணீட்டாங்கங்க." உள்ளேயிருந்து நங்கையா எழுந்து வந்து தூண் ஓரத்தில் நின்றாள்.

"வெளையாட்டில்லீங்க. படிச்சுப் பாத்துத்தானுங்க எழுதச் சொன்னேன்."

மேனேஜர் அண்ணனிடமே பேசினார். "ஊர்ப் புள்ளைங்க உருப்படட்டுமுன்னு போட்டேனப்பா. பின்ன அவனுக ஆடு மேச்சுக்கிட்டே திரியட்டுமுங்கறாங்களா உங்கூட்ல?"

"ஆட்ட உட்டுப்போட்டுப் பள்ளிக்கூடம் வாடான்னு சொல்லுங்க, கும்புட்டுக்கறேன்" என்றாள் நங்கையா. "வர்றதுக்கு முந்தியே கெட்டவன், அவங்கூடச் சேராதீங்கன்னு சொல்லிப்போட்டா, அவன் எப்படிங்க உள்ள வருவான்? நானும் ஆடு மேச்சவதானுங்க. உங்க பாட்டுப்படி பாத்தா நீங்க இந்தக் கடைக்கே வந்திருக்கக் கூடாதுங்களே."

தெருவில் நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் அவருக்குச் சுட்டது என்று நினைக்கிறேன். முகம் மாறியது. "நாளைக்கு நான் இந்தப் பக்கமா வாரப்போ அந்த எழுத்து இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா பள்ளிக்கூடத்துக்கு வேணுங்கற பொஸ்தகத்த நான் சேலத்துலிருந்து வரவழைச்சுக்கறேன்" என்று சொல்லி வண்டி ஏறினார். வண்டி திரும்புவதற்குள் அண்ணன் ஈரத்துண்டால் சிலேட்டைத் துடைத்துவிட்டார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் நங்கையா சிலேட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கோவை இலையைக் கசக்கி இரண்டு பக்கமும் துடைத்தாள். அண்ணன் துடைத்ததில் எழுத்தின் சாயல் இன்னும் இருந்தது. அதுவும் போய்ப் பலகை கருகருவென்று ஆகும்வரை துடைத்தாள். "கடை என்னுது" என்றார் அண்ணன். "கடை உங்களுதுதானுங்க. சிலேட்டு எனக்குக் குடுத்துட்டீங்க. ஒடஞ்சதுன்னு தூக்கிப் போட்டது நீங்கதானுங்களே" என்றாள். பிறகு பார்சல் சாக்குகளில் செருகி வைத்திருந்த கோணி ஊசியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "பலப்பத்துல எழுதுனாத் தொடைச்சுப்போடறாங்க. இதுல எழுது. அத்தனையும் எழுத முடியாது. கடேசி வார்த்த மட்டும் போதும். மேனேஜர் பொஸ்தகத்துக்கு மட்டுமில்ல, இனிமே வர்றதுக்கும் ஆகும்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீ எழுதாத அம்மிணி. உங்கையெழுத்துன்னு ஊருக்கே தெரியும். எங்கூட்டுல இருக்கறவ நீ" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். போக்கிடம் இல்லாதவளுக்கு அந்தச் சொல் எங்கே போய்த் தைக்கும் என்று அவருக்கும் தெரியும். நங்கையா என்னை வற்புறுத்தவில்லை. "உனக்கு வேண்டாமுன்னா ஊசியக் கீழ வெச்சுரு. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்" என்றாள். அவளுக்கு எழுத வராது. நான் கீழே வைத்துவிட்டால் அன்றோடு அது முடிந்தது.

அந்தக் குழந்தை விரலை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. தன் அண்ணனைப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள் என்று உலகத்தில் யாருக்காவது அவ்வளவு சந்தோஷம் வந்திருக்குமா? அந்தச் சந்தோஷத்துக்குக் கீழேதான் கெட்ட பிள்ளை என்று அச்சடித்து வைத்திருந்தார்கள். நான் சிலேட்டை மடியில் வாங்கிக்கொண்டேன். ஊசி வழுக்கியது, கீறும் சத்தத்தில் பல் கூசியது. வழுக்கியதில் முதல் எழுத்தின் கொம்பு கோணலாகிவிட்டது. இன்றைக்கும் அது கோணலாகத்தான் இருக்கிறது. கடைசிப் புள்ளியை வைக்கும்போது ஊசி கைக்கு வசப்பட்டிருந்தது. ஊசியை ஊன்றித் திருகித் திருகி வைத்தேன். சிறு பிள்ளையின் சுண்டு விரல் நுனி போய் உட்காரும், அவ்வளவு ஆழம்.

மேனேஜர் வந்தார். படித்தார். விரலால் தடவிப் பார்த்தார். வண்டி ஏறிப் போய்விட்டார். அந்த வருஷத்திலிருந்து பள்ளிக்கூடத்துப் புத்தகங்கள் சேலத்திலிருந்து வந்தன. அவருடைய படப் புத்தகத்தைப் பரிசாகவும் கொடுத்தார். அதை எங்களால் தடுக்க முடியவில்லை. கடை பாதியாகச் சுருங்கியது. அண்ணன் எங்கள் இருவரோடும் வெகுநாள் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், தண்ணீர் வேண்டுமென்றால் தாமே எழுந்து மொண்டுகொள்வார். போ என்று மட்டும் அவர் என்னைச் சொல்லவில்லை. அதை நான் மறந்ததில்லை, இங்கே சொல்லாமல் விடவும் கூடாது.

கடைக்கு ஆள் வராவிட்டால் ஆள் இருக்கிற இடத்துக்குக் கடையைக் கொண்டுபோக வேண்டும் என்றாள் நங்கையா. புதுச்சத்திரம் பக்கத்துச் சந்தைக்கு மாட்டு வண்டியில் படப் புத்தகங்களைக் கொண்டுபோனோம். வண்டியின் பக்கவாட்டு முளைக்குச்சிகளில் கயிறு கட்டி, புத்தகங்களை நடுவில் விரித்துத் துணி காயப்போடுவதைப் போலத் தொங்கவிட்டோம். வண்டியின் முகப்பில் சிலேட்டு. ஆடிப் பதினெட்டுக்கு மோகனூர்க் காவிரிக் கரைக்குப் போனோம். குளித்துவிட்டு ஈரக் கையோடு பிள்ளைகள் ஓடிவந்து புத்தகத்தைப் பிடிப்பார்கள். நான் பதறுவேன். "உடு அம்மிணி. நான் எச்சை வெரல்ல தேச்சுப் பாக்கறதுக்குப் பதிலா, ஆத்துத் தண்ணியில தேச்சுப் பாத்த மாதிரி ஆச்சு" என்பாள். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சித்திரான்னம் சாப்பிடுகிறவர்களுக்கு நடுவில் புகுந்து, படத்தைக் காட்டிக் காட்டி வாசிப்பாள். ஒருவரும் அவளை விரட்டியதாக நினைவில்லை.

பிடிக்காத புத்தகத்தையும் கொண்டுபோவோம். அதை மட்டும் தனியாக வைத்து, சிலேட்டின் வேண்டாம் பக்கத்தைத் திருப்பிவிட்டு, ஏன் வேண்டாம் என்று வாயால் சொல்வாள். சந்தையில் எங்களுக்குப் பக்கத்தில் வளையல் கடை போடுகிற பாய் ஒருவர் தலையில் அடித்துக்கொள்வார். "ஏம்மா, நீங்க உங்க சரக்கையே வேண்டாங்கறீங்க. இந்தப் பொம்பளைங்க இங்க வந்து, பாய், உங்க வளையல்ல எது ஒடையும்னு கேக்கறாங்க. நான் பொழைக்க வேண்டாமா?" நங்கையா சளைக்க மாட்டாள். "எது ஒடையுமுன்னு சொல்லிப்போடுங்க பாய். ஒடையாதத ரெண்டா வாங்குவாங்க." அடுத்த சந்தைகளில் அவர் கடை விரிக்கும்போதே எங்கள் வண்டியைப் பார்த்து, "இன்னைக்கு எந்தப் பக்கம்மா?" என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்டுக் கேட்டுச் சந்தை முழுவதும் அப்படியே கேட்கத் தொடங்கியது. இன்றைக்கு எந்தப் பக்கம் என்பதுதான் எங்களுக்கு விளம்பரம். பெரிய பணம் வந்துவிடவில்லை. தலை குனியாமல் சாப்பிடுகிற அளவுக்கு வந்தது.

யுத்தம் வந்து தாள் கிடைப்பது அரிதாகி, பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிய காலத்தில் ஒரு நாள் மேனேஜர் மறுபடியும் வந்தார். தளர்ந்து போயிருந்தார். கையில் அதே புத்தகம், இரண்டாவது அச்சு. இந்தத் தடவை அண்ணனைப் பார்க்காமல் நேராக நங்கையாவிடம் கொடுத்தார். "பாரும்மா. படக்காரன்கிட்டச் சொல்லி மாத்தியிருக்கறேன்." அவள் நிதானமாகத் தையலை இழுத்தாள், மையைத் தேய்த்தாள், தாள் தாளாகப் படித்தாள். ஆடு மேய்க்கிற பையனின் கோமணத்துக்கு மேல் நீலத்தில் ஒரு கால்சட்டை வரைந்திருந்தார்கள். கோலும் ஆடும் அப்படியே இருந்தன. பாட்டும் அப்படியே இருந்தது.

"கால்சட்டை நல்லா இருக்குதுங்க. பாட்டு அதே பாட்டுத்தானுங்களே" என்றாள்.

"பாட்ட மாத்தறதுன்னா நான் எழுதுனதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"நானும் அதையேதானுங்க அப்போயிருந்து கேட்டுக்கிட்டு இருக்கறேன்."

அவர் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, சத்தமில்லாத சிரிப்பு. வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று மோர் கொடுத்தாள். நின்றபடியே குடித்தார். சிலேட்டு திரும்பவில்லை, பள்ளிக்கூடத்து வியாபாரமும் திரும்பவில்லை. அவர் போன பிறகு அண்ணன் எழுந்து போய் முன்தூணில் சிலேட்டின் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். சணல் இற்றுப் போயிருந்தது. உள்ளே போய்ப் புதுக் கயிறு கொண்டுவந்து, சிலேட்டு இரண்டு பக்கமும் தடையில்லாமல் திரும்புகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கட்டினார். நாங்கள் இருவரும் பார்க்காததைப் போல இருந்துவிட்டோம்.

நங்கையா போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள், சுதந்திரம் வந்த வருஷத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். அவள் இருந்தவரை எனக்குப் பேச வேண்டிய அவசியம் வரவில்லை. போன பிறகும் பெரிதாக வந்துவிடவில்லை. புத்தகங்களைச் சோதிப்பது இப்போது என் வேலை. இழுத்துப் பார்க்கிறேன், தேய்த்துப் பார்க்கிறேன், சாக்கை விரித்து நடக்க விட்டுப் பார்க்கிறேன். முன்னைக்கு இப்போது எத்தனையோ படப் புத்தகங்கள் வருகின்றன. வர்ணமும் பளபளப்பும் கூடியிருக்கின்றன. ஆனால் யாரையாவது ஒரு பிள்ளையைத் தலை குனிய வைக்காமல் இன்னொரு பிள்ளைக்குப் புத்தி சொல்ல முடியாது என்று நினைப்பவர்கள் இன்னும் புத்தகம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

போன வாரம் ஒரு கம்பெனி ஏஜெண்டு வந்தார். இளவயது, நல்ல பேச்சு. அவர் முன்னமே அனுப்பியிருந்த புத்தகத்தில், எழுதப் படிக்கத் தெரியாத அம்மா ஒருத்தி பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் சுற்றி நின்று சிரிக்கிற மாதிரி ஒரு படம். நடை பார்த்தபோது, எங்கள் தெருக் குழந்தை ஒன்று அந்தப் படத்தைப் பார்த்தது. பிறகு வாசலில் நின்ற தன் அம்மாவைப் பார்த்தது. அத்தோடு புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்துவிட்டது. ஏஜெண்டு எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். நான் எழுந்து போய்ச் சிலேட்டைத் திருப்பினேன்.

"இது என்னங்கம்மா? வேடிக்கைக்குப் போட்ட படம். எங்க சரக்கு உள்ளே இருக்கும்போது வெளியே இப்படி எழுதி வைக்கலாமா? தயவுசெய்து அழித்துவிடுங்கள்" என்றார். அப்போது உள்ளே உட்கார்ந்திருந்த அண்ணன், இப்போது கண் பார்வை மங்கிவிட்டவர், எழுந்து வந்தார். கடை ஓரத்து வேலியில் படர்ந்திருந்த கோவைக் கொடியில் தடவித் தடவி இரண்டு இலையைப் பறித்து அந்த ஏஜெண்டுப் பையனிடம் நீட்டினார்.

"நீங்களே தொடைச்சுப் பாருங்க, சாமி" என்றார். "நான் ஒருக்காத் தொடைச்சுப் பாத்திருக்கறேன்."

பையன் உண்மையாகவே துடைத்தான். அழுத்தித் துடைத்தான். கோவைச் சாறு காயக் காயப் பலகை கருகருவென்று ஆனது. அதற்குள்ளே கோணல் கொம்போடு, ஆழமான புள்ளியோடு, வேண்டாம் என்பது முன்னைவிட வெள்ளையாகத் தெரிந்தது.